வாசகர் கேள்விகள்: கோல்ஃப் திடலுக்கு வேலி போட்டவர்கள்

ஓசூர்ப் பக்கத்தில் கோல்ஃப் திடலை ஒட்டிய வீட்டுமனைகள் விற்பனைக்கு வருவது பற்றிச் சென்ற இதழில் ஒரு துணுக்கு வெளியிட்டிருந்தோம். அதில் கோல்ஃபைப் ‘பணக்காரர் விளையாட்டு’ என்று குறிப்பிட்டிருந்ததைத் தொடர்ந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து கேள்விகள் நிறைய வந்தன. அவற்றுள் ஒன்றுபோல் இருந்தவற்றைத் தவிர்த்து, எஞ்சியவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

ஐயா, கோல்ஃப் தொடக்கம் முதலே பிரபுக்களின் விளையாட்டுத்தானா? சாதாரண மக்கள் ஆடியதற்குச் சான்று ஏதேனும் உண்டா?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பாலக்கோடு

உண்டு, அதுவும் அரசாங்கமே எழுதிவைத்த சான்று. ஸ்காட்லாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1457ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, கால்பந்தையும் கோல்ஃபையும் அடியோடு நிறுத்த வேண்டும் என்கிறது. இங்கிலாந்தோடு தீராப் பகை நிலவிய காலம் அது. வில்வித்தை பழக வேண்டிய ஆண்மக்கள் பந்தடித்துப் பொழுதைக் கழிக்கிறார்கள் என்பதே அரசின் குறை. நாலைந்து பிரபுக்கள் மட்டும் ஆடிய விளையாட்டாக இருந்திருந்தால், அதற்கு நாடு தழுவிய தடை தேவைப்பட்டிருக்காது. 1471இலும் 1491இலும் அதே தடையை மறுபடியும் விதித்திருக்கிறார்கள் என்பதிலிருந்து, முதல் தடைக்கு மக்கள் கொடுத்த மரியாதையையும் ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தடை வந்தபோது அரியணையில் இருந்தவர் நான்காம் ஜேம்ஸ். அவரே 1502இல் பெர்த் நகரத்து வில் செய்பவர் ஒருவரிடம் கோல்ஃப் மட்டைகள் வாங்கியதாக அரசுக் கருவூலக் கணக்கு சொல்கிறது. இங்கிலாந்தோடு அவர் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டதும் அதே ஆண்டில்தான். வில்லுக்கு வேலை குறைந்த நேரத்தில் வில் செய்பவருக்கு மட்டை செய்யும் வேலை கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சாதாரண மக்களைப் பொறுத்தவரை இதைவிட வலுவான ஆவணம் 1552ஆம் ஆண்டினுடையது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஹாமில்டன், அந்த ஊரின் கடலோர மணற்புல்வெளியில் முயல் வளர்த்துக்கொள்ள நகரத்தாரிடமிருந்து அனுமதி பெறுகிறார். அதே ஏட்டில், ஊர்மக்கள் அங்கே கோல்ஃப் ஆடவும், கால்பந்து ஆடவும், அம்பெய்யவும் கொண்டிருக்கும் உரிமைக்குத் தடை வராது என்று உறுதியளிக்கிறார். உழவுக்கு உதவாத, ஆனால் ஊருக்கு மிகவும் உதவிய நிலம் அது. நம் ஊர்களில் மந்தைவெளியும் ஏரிப் புறம்போக்கும் எப்படி ஆடு மேய்வதற்கும், நெல் உலர்த்துவதற்கும், பிள்ளைகள் ஆடுவதற்கும், திருவிழாக் கூட்டத்துக்கும் ஒருசேரப் பயன்பட்டனவோ, அந்த நிலையில் இருந்தது அந்த மணற்புல்வெளி. வேலி கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது, புல்லைக் குட்டையாக மேய்ந்து வைக்க ஆடுகளும் முயல்களும் இருந்தன. இந்த விளையாட்டு அங்கே வளர்ந்ததற்கு அந்த நிலத்தின் பொதுத்தன்மையே முதல் காரணம் என்பது என் கருத்து.

எல்லாத் தரத்தாரும் கலந்து ஆடினார்கள் என்பதற்கு, 1771இல் வெளிவந்த ஒரு நாவலில் டோபியாஸ் ஸ்மாலெட் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் தீட்டியிருக்கும் காட்சியும் துணை நிற்கிறது. எடின்பரோ நகருக்கு அருகே லீத் புல்வெளியில் நீதிபதி முதல் கடைநிலைத் தொழிலாளி வரை மேலங்கியைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு பந்தின் பின்னால் ஓடுவதை அவர் அதில் காட்டுகிறார். 1680களின் தொடக்கத்தில், பின்னாளில் மன்னரான யார்க் கோமகன் இரண்டு ஆங்கிலப் பிரபுக்களோடு பந்தயம் கட்டி, தமக்குத் துணையாக ஜான் பேட்டர்சன் என்ற செருப்புத் தொழிலாளியைச் சேர்த்துக்கொண்டு வென்றார் என்றும், பந்தயப் பணத்தில் பாதியைப் பெற்ற அந்தத் தொழிலாளி எடின்பரோவில் வீடு கட்டிக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அது கர்ணபரம்பரையாக வந்த கதை. அதற்குரிய மதிப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

கோல்ஃப் உண்மையில் நெதர்லாந்தில் பிறந்தது என்று படித்தேன். சீனாவில் பிறந்தது என்போரும் உண்டே?
— கல்லூரி மாணவர், அரூர்

கோலால் பந்தை அடிக்கும் விளையாட்டு பல நாடுகளில் இருந்திருக்கிறது. நெதர்லாந்தில் தெருவிலும் பனி உறைந்த நீர்நிலைகளின் மேலும் ஆடினார்கள். சீனாவில் பந்தை அடித்துக் குழியில் வீழ்த்தும் ஆட்டம் ஒன்று சோங் அரச மரபுக் காலத்திலேயே இருந்தது. இன்று நாம் காணும் வடிவமும் விதிகளும் சங்கங்களும் ஸ்காட்லாந்தில் உருவானவை. வர்க்கப் பிரிவினை பற்றிய கேள்விக்கு அந்த நாட்டின் வரலாறே போதுமானது.

எல்லோரும் சேர்ந்து ஆடினார்கள் என்றால், பிரிவினை எப்போது, எதனால் வந்தது?
— நூலகர், கிருஷ்ணகிரி

ஒரே நாளில் வந்ததன்று. ஆனால் சில ஆண்டுகளைக் குறித்துக் காட்ட முடியும். 1744இல் லீத் புல்வெளியில் ஆடிவந்த கனவான்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, எடின்பரோ நகராட்சி ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக அளித்தது. அந்தப் போட்டிக்காக எழுதப்பட்ட 13 விதிகளே இன்று கிடைக்கும் கோல்ஃப் விதிகளுள் மிகப் பழமையானவை. பிரபுக்களும் கனவான்களும் ‘ஏனைய ஆட்டக்காரர்களும்’ கலந்துகொள்ளலாம் என்று போட்டி நிபந்தனை தாராளமாகவே சொல்கிறது. ஆனால் பெயர் பதிய 5 ஷில்லிங் கட்ட வேண்டும். அன்றைய கூலிக்காரர் ஒருவர் பல நாள் உழைத்தால்தான் அந்தத் தொகை சேரும். வென்றவர் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர். இருபது ஆண்டுகள் கழித்து, 1764இல், போட்டியைத் தங்கள் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்ள அந்தக் கனவான்கள் நகராட்சியிடம் ஒப்புதல் பெற்றார்கள். முதலில் கட்டணம் ஏழையை ஒதுக்கியது. பிறகு விதி, பணம் கட்டத் தயாராக இருந்த அந்நியரையும் ஒதுக்கியது.

இதற்கிடையே 1754இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரபுக்களும் கனவான்களுமாக 22 பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1834இல் நான்காம் வில்லியம் மன்னரின் ஆதரவு கிடைத்ததும் அதற்கு ‘ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்’ என்ற பட்டம் வந்து சேர்ந்தது. பின்னாளில் உலகின் பெரும்பகுதிக்கு விதி எழுதும் அதிகாரமும் அதன் கைக்கே போனது. இந்தச் சங்கங்களில் ஆட்டத்துக்கு இணையாக விருந்தும் மதுவும் பந்தயமும் நடந்தன. உறுப்பினர்கள் சிவப்பு மேலங்கி அணிந்து ஆடினார்கள். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: சங்கம் அவர்களுடையது என்றாலும் நிலம் இன்னும் பொது நிலம்தான். சிவப்பு மேலங்கிக்காரர் பந்தை அடிக்கும் அதே வெளியில் சலவைத் துணி உலர்ந்தது, மாடு நின்றது, ஊரார் குறுக்கே நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தடையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதி முதல் ஸ்காட்லாந்துத் திருச்சபை, ஓய்வுநாளில் கோல்ஃப் ஆடியவர்களை அழைத்து விசாரித்து அபராதம் விதித்தது. சமயக் காரணம் எதுவாக இருந்தாலும், வாரத்தில் ஆறு நாள் உழைப்பவருக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் அதுதான். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ஆட முடிந்தவருக்கு அந்தத் தடையால் பெரிய நட்டம் இல்லை.

மட்டையை மரக்கிளையில் செதுக்கிக்கொள்ளலாம். பந்துக்கு என்ன அப்படிப் பெரிய செலவு?
— தோல் பொருள் வியாபாரி, காவேரிப்பட்டணம்

தங்கள் தொழிலுக்கு நெருங்கிய கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏழைகள் மரப்பந்தால் ஆடியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வசதி படைத்தவர் ஆடியது இறகு அடைத்த தோல் பந்து. படிகார நீரில் ஊறிய தோலைத் துண்டுகளாக வெட்டி, உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, ஒரு சிறு திறப்பின் வழியாகப் புரட்டிப்போடுவார்கள். பிறகு, ஒரு தொப்பி நிறையக் கொள்ளும் அளவு வாத்து இறகை வேகவைத்து, அந்தச் சிறு திறப்பின் வழியே இரும்புக் கோலால் குத்திக் குத்தி அடைப்பார்கள். கையின் பலம் மட்டும் போதாமல், கோலின் மறுமுனையில் பொருத்திய கட்டையை நெஞ்சில் முட்டுக்கொடுத்து உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்ப்பார்கள். திறப்பைத் தைத்து மூடியபின் ஈரம் உலர உலரத் தோல் சுருங்கும், இறகு விரியும். இரண்டும் ஒன்றை ஒன்று நெருக்குவதால் பந்து கல்லைப்போல் இறுகும். தேர்ந்த தொழிலாளி ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு பந்தின் விலை இரண்டரை ஷில்லிங்கும் அதற்கு மேலும் இருந்தது. ஒரு பண்ணைத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி அதற்கு எட்டாது. மழையில் நனைந்தால் தையல் விட்டுப்போகும், மட்டையின் முனை தவறிப் பட்டால் தோல் கிழியும்.

இந்த நிலையை மாற்றியது மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். கட்டாபெர்ச்சா என்று பெயர் பெற்ற அந்தப் பால், நம் பக்கத்து இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்து மரம் ஒன்றிலிருந்து வடிவது. 1840களில் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த அதை, வெந்நீரில் இளக்கி உருட்டிக் குளிரவிட்டால் பந்து ஆயிற்று. உடைந்தால் மறுபடி இளக்கி உருட்டிக்கொள்ளலாம். 1848 முதல் இது பரவியது. விலை ஏறக்குறைய ஒரு ஷில்லிங். வழவழப்பான புதுப் பந்து பறக்காமல் சட்டென்று தாழ்ந்து விழுந்தது; அடிபட்டு வடு விழுந்த பந்து நன்றாகப் பறந்தது. இதைக் கண்டபின் புதுப் பந்தின் மேலேயே சுத்தியால் கொத்தி வடு போடத் தொடங்கினார்கள். இன்றைய பந்தின் மேலுள்ள குழிகளுக்குத் தொடக்கம் இதுவே.

மலிவு எல்லோருக்கும் இனிக்கவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்சன் தம் வீட்டுச் சமையலறையிலேயே பட்டறை வைத்து, 1844இல் 2,400க்கும் மேற்பட்ட இறகுப் பந்துகள் செய்தவர். ஆட்டத்திலும் அன்று அவருக்கு இணை இல்லை. புதுப் பந்தைத் தொடுவதில்லை என்று தம் உதவியாளர்களிடம் உறுதி வாங்கியிருந்தார். உதவியாளர் டாம் மாரிஸ் ஒரு நாள் கையில் பந்து தீர்ந்துபோய், வேறொருவர் கொடுத்த மரப்பால் பந்தால் ஆடியதை அறிந்ததும் இருவருக்கும் முறிவு ஏற்பட்டது. மாரிஸ் தனிக்கடை வைத்தார்; 1851இல் பிரெஸ்ட்விக் என்ற ஊருக்குப் புதுத் திடல் அமைக்கப் போனார். ராபர்ட்சனின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்; கைத்தொழில் ஒன்று கண்ணெதிரே அழிவதை நெசவாளர் ஊர்களில் நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் தச்சரும் கொத்தரும் மீனவரும் சொந்தப் பந்தோடு ஆட வந்தது அந்த மரப்பாலின் தயவால்தான்.

பெண்களுக்கு அங்கே இடம் இருந்ததா?
— குடும்பத் தலைவி, பென்னாகரம்

அரசியர் ஆடியிருக்கிறார்கள், கணவர் கொலையுண்ட சில நாள்களுக்குள் கோல்ஃப் ஆடினார் என்பது 1567இல் ஸ்காட்லாந்து அரசி மேரியின்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் ஒன்று. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது எடின்பரோவுக்கு அருகிலுள்ள மஸல்பரோவின் செய்தி. மீன் கூடையை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றுவந்த அவ்வூர் மீனவப் பெண்கள், 1811ஆம் ஆண்டுப் புத்தாண்டை ஒட்டிக் கோல்ஃப் போட்டியில் ஆடினார்கள். முதல் பரிசு ஒரு புதிய மீன் கூடையும் ஒரு சால்வையும். பட்டுக் கைக்குட்டைகளும் பரிசுகளில் இருந்தன. சீமாட்டிகளோ 1867இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அதில் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் தள்ளும் ஆட்டம் மட்டுமே. மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது சீமாட்டிகளுக்கு அழகன்று என்று கருதினார்கள். ‘ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்’ சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவெடுத்தது 2014இல்.

பொது நிலம் என்கிறீர்கள். அது பொதுவாகவே நிலைத்ததா, யாராவது வளைத்துக்கொண்டார்களா?
— வழக்கறிஞர், தருமபுரி

வளைக்கப் பார்த்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகராட்சி கடனில் மூழ்கி, 1797இல் அந்தப் புல்வெளியை விற்றுவிட்டது. அது கைமாறி, முயல் பண்ணை நடத்துவோரிடம் போனது. முயல்கள் பெருகித் திடலெங்கும் வளை தோண்டின. கோல்ஃப் ஆடுவோர் வழக்குத் தொடுத்தார்கள். ஊரார் முயல்களைக் கொன்றார்கள். இரு தரப்புக்கும் கைகலப்பு வரை போனது. அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை சென்ற அந்த வழக்கின் காலத்தில் சங்கத்துக் கனவான்களும் ஊர்மக்களும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார், அவரும் கோல்ஃப் பிரியர், நிலத்தை வாங்கி முயல் தொல்லைக்கு முடிவு கட்டினார். 1894இல் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் நகராட்சி நிலத்தை மீட்டுக்கொண்டது. நகரத்தின் வரிசெலுத்துவோர் 1946 வரை அங்கே கட்டணமின்றி ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் வழக்கமாக இன்றும் ஆட்டம் இல்லை, பொதுமக்கள் உலாவலாம்.

அந்தப் புல்வெளி விற்பனைக்குப் போன ஆண்டுகளில், கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ நம் தருமபுரியில் தங்கி, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் கீழ்ப் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) நிலங்களை அளந்து, குடியானவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தீர்வை விதிக்கும் ரயத்துவாரி முறைக்கு வழி வகுத்துக்கொண்டிருந்தார். எது பட்டா, எது புறம்போக்கு என்று தங்களைப் போன்றவர்கள் இன்று நீதிமன்றத்தில் வாதிடும் வழக்குகள் பலவற்றின் மூலக் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

பணத்துக்காக ஆடுபவர், பணம் வாங்காமல் ஆடுபவர் என்று பிரித்தது ஏன்? இருவரும் ஆடுவது ஒரே ஆட்டம்தானே?
— தொழிற்சாலைத் தொழிலாளி, ஓசூர்

ஆட்டம் ஒன்றுதான், ஆடுபவரின் பிறப்பு வேறு. கனவான்களுக்கு மட்டைப் பை சுமந்தவர்கள், அதாவது ‘கேடி’கள், நாளெல்லாம் திடலிலேயே கிடந்ததால் ஆட்டத்தில் எஜமானர்களை மிஞ்சினார்கள். மட்டை செய்வது, பந்து செய்வது, புல்லைப் பேணுவது, கற்றுக்கொடுப்பது, பந்தய ஆட்டம் ஆடுவது என எல்லாமே அவர்களுடைய பிழைப்பு. 1860 அக்டோபர் 17 அன்று பிரெஸ்ட்விக்கில் நடந்த, பிரிட்டனின் முதன்மைக் கோல்ஃப் போட்டியான ‘ஓப்பன்’ முதல் போட்டியில் ஆடிய எட்டுப் பேரும் இத்தகையவர்களே. 12 குழித் திடலை மூன்று முறை சுற்றி, பந்தை மொத்தம் 174 முறை மட்டுமே அடித்து முடித்த வில்லி பார்க் வென்றார். டாம் மாரிஸ் இரண்டு முறை கூடுதலாக அடித்துப் பின்தங்கினார். பரிசு சிவப்புத் தோலால் ஆன ஓர் இடைவார், ரொக்கம் இல்லை.

பிரிவினையின் உள்முகம் 1885இல் வெளிப்பட்டது. பணம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கென இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் போட்டி வைத்தபோது, டக்ளஸ் ரோலண்ட் என்ற கல்தச்சர், முந்தைய ஆண்டு ஓப்பனில் பரிசுப் பணம் பெற்றார் என்று சொல்லி விலக்கப்பட்டார். அதே ஊர் ஹோட்டல் உரிமையாளரின் மகனான ஜான் பால், சிறுவயதில் 1878 ஓப்பனில் 10 ஷில்லிங் பரிசு பெற்றிருந்தவர். அவருக்குத் தடை இல்லை. பணம் தீட்டு என்றால் இருவருக்கும் தீட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பல சங்கங்கள் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கெனத் துணைச் சங்கங்களை அனுமதித்தன. அதிகாலையிலோ மாலையிலோ, உறுப்பினர்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் ஆடலாம்; கைம்மாறாகத் திடலைச் சீர்செய்ய வேண்டும்; சங்கக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. இந்த ஏற்பாட்டைச் சலுகை என்று புகழ்வோரும் உண்டு. வாசலோடு நிறுத்தும் சலுகையை என்னால் அவ்வளவு புகழ முடியவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1901இல் ஜே. எச். டெய்லர் முன்னின்று தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டபோதும் அந்த வாசல் திறக்கவில்லை. 1920இல் இங்கிலாந்தின் டீல் நகரில் நடந்த ஓப்பனுக்கு வந்த அமெரிக்கர் வால்டர் ஹேகன், கட்டடத்துக்குள் அனுமதி இல்லை என்றதும், வாடகைக்கு ஒரு சொகுசுக் காரை அமர்த்தி வாசலிலேயே நிறுத்தி அதில் உடை மாற்றிக்கொண்டார். ஆட்டத்தில் அவர் பின்தங்கிப்போனார். ஆனால் அந்தக் காரைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் டொலீடோ நகரத்துச் சங்கம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. அவர்கள் பணம் திரட்டி, ஆளுயரக் கடிகாரம் ஒன்றை அச்சங்கத்துக்கு நன்றிக் காணிக்கையாக வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்தியாவுக்கு எப்போது வந்தது? பை சுமக்கும் நம் பையன்களில் யாரேனும் மேலே வந்திருக்கிறார்களா?
— மாங்கூழ்த் தொழிற்சாலை மேலாளர், போச்சம்பள்ளி

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அமைந்து இன்றும் நிலைத்திருக்கும் சங்கங்களில் மிகப் பழமையானது கொல்கத்தாவில் உள்ளது, 1829இல் தொடங்கியது. தங்களுக்கு அருகிலுள்ள பெங்களூரில் 1876இல் வந்தது. அங்கே வந்து சேர்ந்தது மணற்புல்வெளியின் கோல்ஃப் அன்று, சங்கக் கட்டடத்தின் கோல்ஃப். வெள்ளையர் கிளப்புகள் இந்தியரைச் சேர்க்காத காலத்தில், சென்னையில் இந்தியருக்கென 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் தோன்றியது. நந்தனத்தில் இன்று அதற்குக் கோல்ஃப் திடலும் இருக்கிறது.

மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லித் திடலில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை கொல்கத்தாச் சங்கத்தில் புல் பேணும் ஊழியர். மகன் அந்தத் திடலிலேயே ஆடிப் பழகி, 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸையும், 2016இலும் 2017இலும் அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனையும் வென்றார். இருவரும் திடலுக்குள் வந்தது உறுப்பினர் வாசல் வழியாக அன்று, வேலையாட்கள் வரும் வழியாக.